டிரம்ப் முதல் ஆள் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

தோற்று, நான்கு வருஷம் கழித்து மறுபடி அமெரிக்க அதிபரான முதல் ஆள் டிரம்ப்தான் என்று எங்கள் பட்டுக்கோட்டை டீக்கடைகளில் அடித்துப் பேசுகிறார்கள். இல்லை. குரோவர் கிளீவ்லேண்ட்தான் முதல் ஆள். அதிபராக இருந்த அவர் 1888 தேர்தலில் மக்களிடம் சுமார் 90 ஆயிரம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும், அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் (மாநிலங்களின் பிரதிநிதிகள்) வாக்கில் 233-க்கு 168 என்று எதிர்த்து நின்ற பெஞ்சமின் ஹாரிசனிடம் தோற்றார். தேர்தல் பணியில் வாக்கு எண்ணிய எனக்கு இந்தக் கணக்கு இன்னும் செரிக்கவில்லை. சரி, 1892-இல் அதே ஹாரிசனைத் தோற்கடித்துத் திரும்பிவிட்டார்.

எனக்குப் பிடித்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். முன்னாள் அதிபரான அவர் 1912-இல் மறுபடி நிற்கப் பார்த்தார்; பழைய கட்சி சீட்டு தரவில்லை. தனிக்கட்சி கண்டார் (நமக்குப் பழகிய கதைதான்). மில்வாக்கியில் ஒருவன் நெஞ்சில் சுட்டான். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த பேச்சுத்தாள் கட்டும் மூக்குக்கண்ணாடிக் கூடும் குண்டின் வேகத்தைக் குறைத்தன. மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மேடையேறி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்! அப்புறமும் தோல்விதான். அதிபர் பதவியிலிருந்த டாஃப்டை மட்டும் மூன்றாமிடத்துக்குத் தள்ளினார்.

இங்கே, பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக ஒரே தவணையோடு 1992-இல் விடைபெற்றார். முன்னாள் குடியரசுத் தலைவர் கலாமை 2012-இல் அதே பதவிக்கு மறுபடி நிற்கச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார்.

ஓய்வுபெற்ற தாலுகா அலுவலக ஊழியர்,
பட்டுக்கோட்டை