புதன்கிழமை வந்த அக்கா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ஃபோனில் உன் குரல் இறங்கியிருந்தது. உன் சமூகப் பணிப் படிப்பின் களப்பயிற்சிக்கு மருத்துவமனை கிடைக்கும் என்று நினைத்திருந்தாய். கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு உதவும் குடும்பச் சேவை நிலையத்தில் போட்டுவிட்டார்கள், அதுவும் அரசு வாடகை வீடுகள் நிறைந்த பேட்டையில். "சரி, பத்து வாரம்தானேம்மா" என்று கடைசியில் நீயே உன்னைத் தேற்றிக்கொண்டாய். அந்தப் "பத்து வாரம்தானே" இரவு முழுக்க என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கேன்டீனுக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை என்பதால் கையால் எழுதுகிறேன். மெதுவாகப் படி.

களப்பயிற்சி ஒரு தடவைக்கு 400 மணி நேரம், அப்படி இரண்டு தடவை, மொத்தம் 800 மணி நேரம் என்று முதல் வருஷமே சொல்லியிருக்கிறாய். சிங்கப்பூரில் சமூகப் பணியைப் பல்கலைக்கழகப் படிப்பாக 1952இலேயே தொடங்கிவிட்டார்கள் என்றும், ஆன் வீ அம்மையார் எத்தனை தலைமுறை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்றும் சாப்பாட்டு மேசையில் கண் விரியப் பேசினாய். நான் கேட்டுக்கொண்டே தோசை ஊற்றினேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அப்படிப் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி நம் வீட்டுக்கும் வந்திருக்கிறாள், பாப்பா. உனக்கு அப்போது ஆறு வயது.

2009. உன் அப்பா வேலை செய்த எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. அதற்கு முன்பே தாத்தா இறந்து, அவர் வீட்டை விற்றுப் பங்கு பிரித்ததில் நம் கைக்கு வந்தது கடனுக்கே சரியாகப் போய்விட்டது. புக்கிட் மேராவில் ஓரறை வாடகை வீடு கிடைத்தது. மாத வாடகை 33 வெள்ளி. இன்றைக்கு இரண்டு பேர் காப்பிக்கடையில் ஒரு வேளை சாப்பிட்டால் அதில் ஒரு நல்ல பங்கு போய்விடும். அந்த 33 வெள்ளியையும் மூன்று மாதம் கட்ட முடியவில்லை.

அந்த நீண்ட நடைபாதை உனக்கு நினைவிருக்கும். மூன்று சக்கர சைக்கிளில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவாய். நாலாவது கதவில் இருந்த சீனப் பாட்டியும் நினைவிருக்கலாம். 1961இல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்தபோது 16,000 பேர் ஒரே நாளில் வீடு இழந்தார்களே, அவர்களில் ஒருத்தி. நம் வீட்டில் அடுப்பு எரியாத நாளை எப்படித்தான் கண்டுபிடிப்பாளோ, கஞ்சிக் கிண்ணத்தைக் கம்பிக் கதவில் தட்டிக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்ல விடாமல் போய்விடுவாள். உன்னிடம் தரும் கோப்பில் நீ போகப்போகும் வீட்டின் வருமானம், பாக்கி, பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். நாலாவது கதவுப் பாட்டி இருக்க மாட்டாள். அவளை நீதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கீழே மாமா கடை என்கிற சின்ன மளிகைக் கடைக்காரரிடம் பேசு. தாழ்வாரம் பெருக்குகிறவரிடம் பேசு. எந்த வீட்டில் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த மாணவிப் பெண் வந்தது புதன்கிழமைகளில், மூன்று மணிக்கு. முதல் தடவை நிலையத்து ஊழியருடன் வந்தாள், அப்புறம் தனியாக. இருபது இருபத்தொரு வயதிருக்கும், சீனப் பெண். நன்றாகத் துடைத்த மூக்குக்கண்ணாடி. காலணியை வாசலில் கழற்றி நம் செருப்புகளோடு வரிசையாக வைப்பாள். நான் கலக்கிக் கொடுத்த மைலோவைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பாள். இது சின்ன விஷயம் என்று நினைக்காதே. வீட்டுக்கு வருகிற எல்லாரும் என்னிடம் ஏதாவது கேட்டார்கள்: சம்பளச் சீட்டு, மத்திய சேமநிதிக் கணக்கு, தண்ணீர் மின்சார பில். அவள் ஒருத்திதான் நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு என்னிடம் கொடுக்க இருந்ததே அந்த மைலோதான்.

மன்னார்குடியிலிருந்து கல்யாணமாகி வந்து எட்டு வருஷம் ஆகியும் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. கடைத்தெரு மலாய் கொஞ்சம் தெரியும், அவளுக்கு அது தெரியாது. அதனால் நீ எங்கள் நடுவில் உட்கார்ந்தாய். ஆறு வயதில் நம் வாடகைப் பாக்கியை நீதான் அவளுக்குச் சொன்னாய். எண்களை விரல் விட்டுச் சொன்னாய். ஒரு நாள் அவள் ஏதோ கேட்டாள், ரொம்ப மெதுவாக. நீ என் முகத்தைப் பார்த்தாய், ஆனால் என்னிடம் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. நீயாகவே "நோ" என்றாய். அவள் போன பிறகு என்ன கேட்டாள் என்று கேட்டேன். "அப்பா ராத்திரி சத்தம் போடுவாரான்னு கேட்டாங்க" என்றாய். அப்பா அந்த நாட்களில் சத்தம் போட்டார்தான். உனக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். ஆறு வயதுப் பிள்ளை அப்பாவையும் காப்பாற்றி, அம்மாவையும் காப்பாற்றி, ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டது. பதினாறு வருஷமாக அது என் நெஞ்சில் கிடக்கிறது.

எந்த வீட்டிலும் பிள்ளையை நடுவில் உட்கார வைத்துப் பேசாதே, பாப்பா. பிள்ளை தானாக முன்வந்தாலும் வேண்டாம். மேற்பார்வையாளரிடம் கேள், மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல். தமிழ்க் குடும்பம் என்றால் உன்னையே கூப்பிடுவார்கள், நல்லது. நீ இல்லாத நேரத்துக்கு, இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் தமிழ் பேசுகிற ஊழியர்கள் இருக்கிறார்கள். அதற்காக ஒரு வாரம் தள்ளிப்போனால் போகட்டும்.

அந்தப் பெண் நமக்கு நல்லது செய்தாள், அதையும் சொல்ல வேண்டும். உன் பாலர் பள்ளிக் கட்டண உதவிக்கு விண்ணப்பத்தை நிரப்பியது அவள்தான். அப்போதெல்லாம் சமூகச் சேவை அலுவலகங்கள் கிடையாது, அவை 2013இல்தான் வந்தன. காம்கேர் என்ற அரசாங்கப் பண உதவிக்கு நாங்கள் சமூக மேம்பாட்டு மன்றத்துக்குப் போனோம். வரிசையில் எங்களோடு அவளும் நின்றாள். முகப்பில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியிடம் எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். நம் கதையை முதலிலிருந்து மறுபடியும் நான் சொல்ல வேண்டியிராத நாள் அந்த ஒரு நாள்தான்.

பத்தாவது புதன்கிழமை வழக்கம்போல வந்தாள், போனாள். அடுத்த வாரம் உனக்குக் கலர் பென்சில் கொண்டுவருவதாகச் சொன்னாள். பதினோராவது புதன்கிழமை நீ பள்ளியிலிருந்து வந்ததும் நீல பிளாஸ்டிக் ஸ்டூலைக் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாய். இப்போது யீஷூன் வீட்டு வாசலில் துளசித் தொட்டி வைத்திருக்கிறேனே, அதே ஸ்டூல்தான். ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தாய். அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும்.

நிலையத்துக்கு ஃபோன் செய்தேன். பயிற்சி முடிந்துவிட்டது, வேறொருவர் தொடர்பு கொள்வார் என்றார்கள். அந்த வேறொருவர் வர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் என் மனது எங்கெங்கோ போய்விட்டது. நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? தாலிக்கொடி அடகுக்கடையில் இருப்பதைச் சொன்னதால் என்னைக் கேவலமாக நினைத்துவிட்டாளா? பயிற்சி என்ற சொல்லே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவள் ஒரு மாணவி, அவளுக்கு ஒரு கடைசி நாள் இருக்கிறது என்று யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் நான் ஆங்கிலத்தில் புரிந்துகொள்ளவில்லையோ என்னவோ. இரண்டு மாதம் கழித்துக் கதவைத் தட்டிய ஊழியர் நல்லவராகவே இருந்திருப்பார். நான் திறக்கவில்லை. அடுத்த தடவையும் திறக்கவில்லை. அப்பாவுக்குப் பாதுகாவலர் வேலை கிடைக்கும் வரை ஒரு வருஷத்துக்கு மேல் யாருடைய உதவியும் இல்லாமல் கிடந்தோம். அந்த வருஷம் அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்க வேண்டியதில்லை.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்போது உன்னைப் பார்க்கும்போது அவள் எவ்வளவு சின்னப் பெண் என்று தெரிகிறது. எப்படி விடைபெறுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, இல்லையென்றால் அழுதுவிடுவோமோ என்று பயந்திருப்பாள். உனக்கு நான் சொல்லித் தருகிறேன்.

முதல் நாளே சொல்லிவிடு: நான் மாணவி, இத்தனையாம் தேதி வரை வருவேன். அந்தத் தேதியை அந்த வீட்டு நாள்காட்டியிலேயே வட்டம் போடு. நாலு வாரம் இருக்கும்போது ஒரு தடவை, இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு தடவை ஞாபகப்படுத்து. உனக்குப் பிறகு வரப்போகிறவரைக் கடைசி வாரத்துக்கு முன்பே கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துவை, முகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆள் யார் என்று முடிவாகவில்லை என்றால் மேற்பார்வையாளரைத் தொந்தரவு செய், விடாதே. நீ போன பிறகு யாரை, எந்த எண்ணில் கூப்பிடுவது என்று அவர்கள் மொழியில் பெரிய எழுத்தில் எழுதி, குளிர்ப்பதனப் பெட்டியில் ஒட்டு. பிள்ளைகளிடம் தனியாகச் சொல். பெரியவர்களுக்குச் சொன்னால் போதும் என்று இருக்காதே. எதையாவது கொண்டுவருவதாகச் சொன்னால் கொண்டுபோய்க் கொடு, முடியாது என்றால் சொல்லாதே.

"பத்து வாரம்தானே" என்பது உன் கணக்கு. அந்த வீட்டில் யாரோ ஒருத்தி உன்னிடம் சொல்வதற்காக ஒரு விஷயத்தைப் பத்து வாரமும் மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்பதாவது வாரம்தான் அது வாய்க்கு வரும். அப்போது நீ பத்தாவது வாரத்து அறிக்கையை நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். நாடா கட்டுகிற காலணி வேண்டாம், ஒரு நாளைக்குப் பத்து வாசலில் கழற்ற வேண்டியிருக்கும். போகும் முன் எந்த நேரம் வசதி என்று கேள். இரவு வேலை பார்க்கிறவர் மத்தியானம்தான் தூங்குவார், ஓரறை வீட்டில் அவர் எழுந்து போக வேறு இடம் கிடையாது. பேசினதையெல்லாம் வரிக்கு வரி எழுதச் சொல்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டாய். எழுது. நீ என்ன கேட்டாய், அவர்கள் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார்கள் என்று எழுது. அந்தப் பெண்ணும் அப்படி எழுதியிருந்தால், "நோ" என்று சொல்லும் முன் நீ என் முகத்தைப் பார்த்தது அந்தத் தாளில் இருந்திருக்கும். யாராவது அதைப் படித்திருப்பார்கள்.

யார் வீட்டுக்குப் போனாய், அவர்களுக்கு என்ன பிரச்சினை என்று என்னிடம்கூடச் சொல்லாதே. களைப்பாக இருக்கிறது என்று மட்டும் சொல், எனக்குப் புரியும்.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினேன். சத்தம் போட்டதைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், அவளுக்கு உதவும் என்றார். ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது அவர் உன்னிடம் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், குறுக்கே பேசாமல் கேள்.

வஞ்சிர மீன் வாங்கிவைக்கிறேன். துவைக்க வேண்டியதையும் கொண்டு வா.

அம்மா