செயலாளரின் ஆண்டறிக்கை: 2019–20

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் பேட்டன் ரூஜ் ஆதரவாளர்களாகிய நமது சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆடிய 15 ஆட்டங்களிலும் வென்று தேசியப் பட்டத்தைக் கைப்பற்றிய நமது அணிக்கே இவ்வறிக்கையின் பெரும்பகுதி உரியது.

தற்காப்பில் பெயர் பெற்றிருந்தும், பந்தை எறிந்து ஆடுவதில் பல்லாண்டுகளாகப் பின்தங்கியிருந்த அணி நம்முடையது. தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜரான், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளைஞரை வரவழைத்து, தாக்குதல் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கருக்குத் துணையாக அமர்த்தியதே அத்தனை வெற்றிகளுக்கும் மூலகாரணம் என்பது என் உறுதியான கருத்து.

அந்த மாற்றத்தின் முழுப் பொருளும் செப்டம்பரில் ஆஸ்டினில் டெக்சாஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில் விளங்கியது. நமக்கு ஆறு புள்ளி முன்னிலை. ஆட்டம் முடிய மூன்று நிமிடங்கள்கூட இல்லை. நான்கு முயற்சிகளுக்குள் தேவையான தொலைவு முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்; நமக்கோ மூன்றாவது முயற்சியில் 17 யார்டு தேவை. முந்தைய ஆண்டுகளாக இருந்தால் பந்தைச் சுமந்து ஓடி நேரத்தைக் கரைத்திருப்போம். அன்றோ, சூழ்ந்து வந்த எதிரணியினருக்கு நடுவே முன்னால் அடியெடுத்து வைத்து பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் ஜோ பரோ எறிந்த பந்தை, ஜஸ்டின் ஜெஃபர்சன் பிடித்துக்கொண்டு ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து 61 யார்டு டச்டவுனாக்கினார். 45–38 என்று வென்றோம்.

நவம்பர் 9 அன்று டஸ்கலூசாவில் அலபாமாவை 46–41 என வென்றபோது, அவர்களிடம் தொடர்ந்து எட்டு முறை தோற்ற வேதனை தீர்ந்தது. உயரம் குறைந்த கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர், தன்னைப் பிடிக்க வந்தவர்களையும் இழுத்துக்கொண்டு முன்னேறி, அன்று நான்கு டச்டவுன்கள் எடுத்தார். பிறகு அட்லாண்டாவில் ஜார்ஜியாவை 37–10 என்று வீழ்த்தினோம்.

அரையிறுதி நாளன்று காலை, லாஃபயெட்டில் நேர்ந்த விமான விபத்தில் என்ஸ்மிங்கர் தம் மருமகளைப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்திலும் அவர் தம் இடத்தில் அமர்ந்து ஆட்டத்தை நடத்திக் கொடுத்தார். ஓக்லஹோமாவை 63–28 என வென்றோம். அவருடைய குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கலைப் பதிவு செய்கிறேன்.

2012 ஜனவரியில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் அலபாமாவிடம் பட்டத்தை இழந்த அதே நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில், 2020 ஜனவரி 13 அன்று, தொடர்ந்து 29 ஆட்டங்களில் வென்றிருந்த கிளெம்சனைச் சந்தித்தோம். 17–7 என்று பின்தங்கி, இடைவேளைக்குள் 28–17 என முந்தி, 42–25 என்று வென்றோம். பரோ ஐந்து டச்டவுன் பாஸ்கள் எறிந்தார். பருவம் முழுவதற்கும் 60, முதல்நிலைக் கல்லூரி அணிகளில் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை.

1959இல் பில்லி கேனனுக்குப் பிறகு நமக்கு, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதைக் கொண்டுவந்த பரோ, ஏற்புரையில் தம் சொந்தப் பகுதியான தென்கிழக்கு ஒஹாயோவில் பசியோடிருக்கும் பிள்ளைகளை நினைவுகூர்ந்தார். அதைக் கேட்டவர்கள் அங்குள்ள உணவு வங்கிக்கு 5 லட்சம் டாலருக்கும் மேல் அனுப்பினர்.

பரோ உட்பட நமது வீரர்கள் 14 பேர் தொழில்முறைப் போட்டியான தேசியக் கால்பந்து லீக் அணிகளுக்குத் தேர்வாகியுள்ளனர், பிரேடியும் விடைபெற்றுவிட்டார். புதியவர்களுக்கும் இதே ஆதரவை வழங்குமாறு வேண்டுகிறேன். பேட்டன் ரூஜிலுள்ள உணவு வங்கிக்கும் ஆண்டுதோறும் சங்க நிதியிலிருந்து நன்கொடை வழங்கும் தீர்மானத்தை முன்மொழிந்து, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்