ஞாயிறு மொரிஸ் மைனர் கார் வேலை: வருகிறவர்கள் வாசித்துவிட்டு வாருங்கள்

ஞாயிறு காலை 8 மணிக்கு உவர்மலையில் எங்கள் வீட்டுக் கராஜில் மொரிஸ் மைனரின் தரைத்தகடு வெட்டுகிறோம். இந்தக் காருக்குத் தனியாகச் சேஸி என்ற அடிச்சட்டம் இல்லை, பொடிதான், அதாவது காரின் உடற்கூடுதான், பாரம் முழுவதையும் தாங்குகிறது, அதனால் ஜக் வைக்கும் இடமும் பின் வில்லுத்தகடு பூட்டும் இடமும் கறள் பிடித்துவிட்டால் மேலே எந்தப் பெயின்ற் அடித்தும் பிரயோசனமில்லை. நம்ம ஊர்க் கடல்காற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? வெளியே வழவழவென்று இருந்த இடத்தை ஸ்குரூ டிரைவரால் சும்மா தட்டிப் பார்த்தேன், நேராக உள்ளே போய்விட்டது. எல்லாம் ஓட்டையை மறைக்கப் பூசிய பழைய புட்டி!

கதவுகளைக் கழற்ற வேண்டாம். ஒரு பக்கத்தை வெல்ட் பண்ணி முடித்த பிறகுதான் மற்றப் பக்கம், இல்லாவிட்டால் பொடி வளைந்து பிறகு கதவு பூட்டாது.

பெற்றோல் தாங்கியை ஏற்கெனவே கழற்றி வெளியே வைத்துவிட்டேன். பற்றரியில் யாரும் கை வைக்காதீர்கள், இதில் பொசிட்டிவ் முனைதான் பொடிக்குப் போகிறது, இப்போதைய கார் என்று நினைத்து மாற்றிப் பூட்டிவிடுவீர்கள்.

கிரைண்டர் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். மதியம் மீன்குழம்பும் சோறும், எத்தனை பேர் என்று சனி இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.