அந்தக் காருக்குள் ஆள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கார்களை மோதவிட்டு வெடிக்கவைக்கும் கணினி விளையாட்டுகளைப் பார்த்துத்தான் எங்கள் பெடியள் மோட்டார் சைக்கிளில் கண்மண் தெரியாமல் ஓடுகிறார்கள், வீடுகளில் அவற்றை அடியோடு நிறுத்தவேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ரியூசன் விடும் நேரம் பருத்தித்துறை வீதியில் நின்று பார்த்தால் எனக்கும் நெஞ்சு பதறும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கஸ்தூரியார் வீதிப் பக்கம் றேடியோ திருத்துபவன். இப்போது றேடியோ எங்கே வருகிறது? நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு ரிமோட் கார்கள்தான் வரும். மோட்டர்த் தண்டில் இருக்கும் சின்னப் பிளாஸ்ரிக் பற்சில்லு வெடித்திருக்கும். மோட்டர் சுற்றும், கார் அசையாது. இல்லாவிட்டால் பற்றரி கசிந்து தகடு பச்சை பிடித்துப்போயிருக்கும்.

என் மகளின் மகன் பழைய கணினி ஒன்றில் 'ரீ-வோல்ட்' விளையாடுகிறான். அதில் ஓடுவதும் ரிமோட் கார்கள்தான். 1999 இல் அக்லெய்ம் என்ற கணினி விளையாட்டு நிறுவனத்தின் லண்டன் கூடம் செய்தது. 2004 இல் அந்த நிறுவனமே வங்குரோத்தாகிவிட்டது. இவன் விடுவதாக இல்லை. தெருவிலும், சுப்பர்மார்க்கெற் தட்டுகளுக்கு நடுவிலும், மியூசியத்துக்குள்ளும் கார்கள் பறக்கின்றன. வழியில் மின்னல் அடையாளம் ஒன்றை எடுத்தால் ஏதாவது ஆயுதம் கிடைக்கும்: வாண ரொக்கெற், தண்ணீர் பலூன், எண்ணெய், ஒரு பெரிய இரும்புக் குண்டு. ஒன்று காருக்கே மின்சாரம் ஏற்றிவிடும். தொட்ட காரின் மோட்டர் கொஞ்ச நேரம் செத்துக் கிடந்து பிறகு உயிர் பெறும். இரத்தம் இல்லை. தெருவில் அடிபட ஒருவரும் இல்லை. காருக்குள் சாரதியே இல்லை. கவிழ்ந்தால் ஒரு பொத்தான், நிமிர்ந்துவிடும்.

பற்றரி ஒன்றும் அதில் கிடைக்கும். எடுத்தவுடன் கார் பாய்கிறது. அதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். போர்க்காலத்தில், 1990 இற்குப் பிறகு, இங்கே ரோச் பற்றரி கொண்டுவரவும் அரசாங்கம் தடை போட்டிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவில் இருந்து றேடியோவுக்கு வயர் கொழுவி, பக்கத்து வீட்டுப் பெடியன் கையால் பெடலைச் சுற்ற இரவுச் செய்தி கேட்டோம். அவன் கை சோர்ந்தால் செய்தியும் மங்கும். "பற்றரிக்கு ஏன் அம்மப்பா தடை?" என்று பேரன் கேட்டான். இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்த விளையாட்டில் எனக்கும் ஒரு குறை உண்டு. அத்தனை கார் பக்கத்தில் பக்கத்தில் ஓடியும் ஒன்றின் சிக்னல் மற்றதில் விழுவதில்லை. ஒரே 27 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் ஓடும் மலிவான கார் இரண்டை என் மேசையில் வைத்து ஒரு ரிமோட்டை அமத்திக் காட்டினேன். இரண்டும் ஒன்றாகப் போய்க் கீழே விழுந்தன. 2.4 கிகாஹேட்ஸில் வருபவை தன் ரிமோட்டோடு மட்டும் சோடி சேரும், அவற்றில் இந்தக் கூத்து நடக்காது. பேரன் அன்றே ஸ்குறூட்ரைவர் எடுத்தான். ஒன்றைக் கழற்றித் திரும்பப் பூட்டினான், ஒரு திருகாணி மிச்சம். பாதையை நாமே அமைக்கும் வசதியும் அந்த விளையாட்டில் இருக்கிறது. கணினியில் அவன் போட்ட பாதை இப்போது எங்கள் கிணற்றடியில் செங்கல்லாய்க் கிடக்கிறது. தண்ணீர் அள்ளப் போகிற மனிசி என்னைத்தான் ஏசுகிறா.

மோட்டார் சைக்கிள் ஓடுகிற பெடியனின் கதை வேறு. அதற்கு லைசென்ஸ் இல்லாத கையில் திறப்பைக் கொடுத்தவரை முதலில் கேளுங்கள்.

அந்த வாசகர் வீட்டிலும் திருவிழாவில் வாங்கி ஓடாமல் போன கார் ஏதும் மூலையில் கிடக்கலாம். எறிந்துவிடாமல் பெடியனிடமே கொடுத்து என்னிடம் அனுப்பட்டும். பற்றரியைக் கழற்றிவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
றேடியோ திருத்துநர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.