நாற்காலிக் கால் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் பட்டறையில் பழுது பார்த்த பழைய நாற்காலி ஒன்றின் படம் சில வாரங்களாகக் கைப்பேசிகளில் சுற்றுகிறது. "நல்ல பழைய மரத்தை உருவிவிட்டுப் புது மரத்தைச் செருகிவிட்டார்கள்" என்று கூடவே ஒரு வரி. உங்களில் சிலர் நேரிலேயே கேட்டீர்கள். கேட்கத் தயங்கியவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

பின்னங்கால் ஒன்றின் அடியில் நான்கு விரற்கடை புது மரம் இருப்பது உண்மைதான். உருவியது நல்ல மரம் என்பதுதான் பொய். மேலே பாலிஷ் பளபளவென்று இருந்தது. 1 முதல் 2 மி.மீ. அகலத்தில் ஏழெட்டு ஓட்டைகள், அவ்வளவே. குத்தூசியை வைத்து லேசாக அழுத்தினோம், பாதி ஊசி உள்ளே போய்விட்டது. தட்டினால் முகப் பவுடர் போல மாவு கொட்டியது. புழு மேல்தோலைத் தொடாமல் உள்ளேயே தின்றுகொண்டு போகும். வண்டாகி வெளியேறும்போதுதான் ஓட்டை போடும்.

உளுத்ததையெல்லாம் நாங்கள் வெட்டி எறிவதில்லை. அதே நாற்காலியின் சாய்மானத்தில் இருந்த பூச்செதுக்கும் உளுத்துத்தான் கிடந்தது. பாராலாய்டு பி-72 பிசினை அசிட்டோனில் 5 சதவீத அளவுக்கு நீர்க்கக் கரைத்து, சிரிஞ்சால் ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு, காயவிட்டு, மறுபடி விட்டு இறுக்கினோம். ஓர் இதழ்கூட மாற்றவில்லை. ஆனால் கால் ஆளின் எடையைத் தாங்க வேண்டிய இடம். பிசின் மாவைச் சேர்த்துப் பிடிக்கும். போன பலத்தைத் தராது. அதனால் உளுத்த அளவு மட்டும் அறுத்து, அதே சாதி மரத்தில், நார் ஓட்டம் பார்த்துச் சாய்வாக ஒட்டுப் போட்டோம். நேராக அறுத்தால் குறுக்குவெட்டில் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டியது வஜ்ஜிரத்தால், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையால்; பிற்பாடு வேறொரு தச்சர் பிரிக்க நினைத்தாலும் சூடும் ஈரமும் காட்டினால் விட்டுவிடும். உள்பக்கம் மட்டும் சாயம் ஏற்றாமல் விட்டோம், எது புதிது என்று பின்னால் வருபவருக்குத் தெரியட்டும் என்று. படத்தில் வெளுப்பாகத் தெரிவது அதுதான்.

பாலிஷுக்கு என்று வந்த நாற்காலி அது. அறுப்பதற்கு முன் உரியவரை அழைத்துக் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை. அது எங்கள் தவறு. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம், உங்களிடமும் கேட்கிறோம். இனி படம் அனுப்பி, நீங்கள் சரி என்ற பிறகே ரம்பத்தை எடுப்போம். இதனால் நாட்கள் சற்றுக் கூடும், கூலியும்தான்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் ஒருவர் தம் பாட்டியின் அலமாரியை இறக்கிவைத்து, "பார்த்துச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும், அவரைப் போன்ற உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அறுத்த துண்டை வண்டு பரவாதபடி பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வைத்திருக்கிறோம். பட்டறைக்கு வந்தால் பையோடு சேர்த்து விரலால் அழுத்திப் பாருங்கள்.