அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்

எட்மன்டன், கனடா
சனிக்கிழமை இரவு

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் நீ அழுதுவிடுவாய், பக்கத்தில் இருக்கும் அம்மா என்ன ஏது என்று பிடித்துக்கொள்வாள், அதனால்தான் கடிதம். படித்ததும் அத்தானிடம் மட்டும் சொல்.

சும்மா ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். கல்லீரல் எப்படி இருக்கிறது என்று காட்டும் எஸ்ஜிபிடி அளவு கொஞ்சம் கூடுதல். எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். 1994இல் சைக்கிளோடு லாரிக்கு அடியில் போனேனே, இரண்டு பாட்டில் ஏற்றினார்களே, அதைச் சொன்னேன். உடனே ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சோதனை எழுதிக் கொடுத்தார். தானமாக வரும் ரத்தத்தில் இதைச் சோதிப்பது நம் இந்தியாவில் 2001இல்தான் கட்டாயமானதாம். யாரைக் குறை சொல்ல?

முதல் சோதனை பாசிட்டிவ். பதறாதே. கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது அடையாளம், சிலருக்குத் தானாகவே போய்விடும். இப்போதும் இருக்கிறதா என்று பார்க்கும் இரண்டாவது சோதனைக்குக் கொடுத்து ஒன்பது நாள் ஆகிறது. ரிசல்ட் போனிலேயே வந்துவிடும், அதுதான் வினை. குடோன் வாசலில் மைனஸ் 22இல் கையுறையைக் கழற்றிக் கழற்றிப் பார்த்து விரல் மரத்துப்போனதுதான் மிச்சம்.

இருந்தாலும் மாத்திரை இருக்கிறது அக்கா, எட்டு வாரமோ பன்னிரண்டு வாரமோ சாப்பிட்டால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது. பகலில் இது நன்றாகப் புரிகிறது. ராத்திரி மூன்று மணிக்குத்தான் ஒன்றும் புரிவதில்லை. இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்கு 2020இல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவரான மைக்கேல் ஹௌட்டன் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்து ஆள். என் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதுமாதிரி ஒருநாள் கை தானாக எழுந்துவிட்டது. சிரிக்காதே.

ரேசர், பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சேர்ந்து சாப்பிடுவதாலோ தொடுவதாலோ ஒட்டாது என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னாள். நான் கேட்டால்தானே? என் டம்ளரை மட்டும் தனியாகக் கழுவி ஜன்னலோரம் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன். நாலு நாள் பேசாமல் பார்த்த இவள், ஐந்தாம் நாள் நான் பாதி குடித்து வைத்த காபியை எடுத்து மடக்கென்று குடித்துவிட்டு, டம்ளரை மற்றப் பாத்திரங்களோடு போட்டுவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை என் குரல் ஒருமாதிரி இருந்தால் ஜலதோஷம் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

அப்புறம் ஒன்று. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றது நீதான். ரத்தம் வெளியே வாங்கியதா, இல்லை அப்பாவோடு மில்லில் வேலை பார்த்தவர்கள் கொடுத்ததா? இரண்டு பேர் சட்டையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றதாக அப்பா சொல்லிக் கேட்ட ஞாபகம். அவர்கள் இன்னும் ஊரில் இருந்தால் அத்தானை விட்டுப் பக்குவமாகப் பேசச் சொல், ஒரு தடவை சோதித்துக்கொள்ளட்டும். வருஷக்கணக்கில் ஒன்றும் காட்டாமல் இருக்குமாம் இது.

உன் தம்பி