வேகம் சரி, எந்த இடத்தில் அளந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த பேஸ்பால் பந்து வீச்சு வேகப் பட்டியலில் அரோல்டிஸ் சாப்மன் 2010-ல் வீசிய மணிக்கு 105.8 மைல் (170 கி.மீ.) முதலிடத்தில் இருக்கிறது. நோலன் ரையனின் 1974-ம் ஆண்டு 100.9 மைல் எங்கோ கீழே கிடக்கிறது. இது, ஒரு பஸ்சின் வேகத்தை ஏற்காடு அடிவாரத்திலும் இன்னொன்றின் வேகத்தை இருபதாவது கொண்டை ஊசி வளைவிலும் எடுத்துவிட்டு, எந்த பஸ் வேகம் என்று கேட்கிற கதை.

சாப்மனுடையது பந்து கையை விட்ட கணத்துக்கான கணக்கு. அன்று அறிவித்தது 105.1-தான், பிற்பாடு கை விட்ட இடத்துக்குத் திருத்தியபோது 105.8 ஆனது. ரையனின் பந்தை ரேடார் பிடித்ததோ மட்டையாளருக்குச் சுமார் பத்தடி முன்னால். அதற்குள் காற்று ஆறேழு சதவீத வேகத்தைத் தின்றுவிடும். அதைத் திருப்பிக் கூட்டினால் ரையன் 108-ஐத் தொடுகிறார். பாப் ஃபெல்லரின் 98.6 (1946) மட்டையாளர் நிற்கும் பிளேட்டிலேயே அளந்தது. அவருக்கும் இதே நியாயம் பொருந்தும். கிரிக்கெட் வீரர் ஷோயப் அக்தரின் 161.3 கி.மீ.-ஐ இவர்களோடு சேர்க்கவே வேண்டாம். பேஸ்பாலில் முழங்கையை மடக்கி எறிவது வேறு, கிரிக்கெட்டில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளாமல் போடுவது வேறு.

சின்னப்பம்பட்டி நடராஜனுக்குப் பிறகு நம் மாவட்டத்தில் யார்க்கர் பழகாத பையன் இல்லை. உள்ளூர் ஆட்டங்களில் மைக்கில் "145" என்று அறிவிப்பதும் சகஜமாகிவிட்டது. வேகம் அளக்கும் ரேடார் கருவியான ஸ்பீடு கன் பந்து வரும் கோட்டுக்கு நேராக, சைட் ஸ்கிரீன் பக்கம் இருக்க வேண்டும். 20 டிகிரி விலகி நின்றால் 140 போடுகிறவனுக்கு 131 காட்டும். கோணம் எப்போதும் குறைத்துத்தான் காட்டும். திடீரென்று கூடுதலாக வந்தால் அது பெரும்பாலும் சுழன்ற மட்டையின் வேகம். ஆட்டத்துக்கு முன் இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) தட்டிக் கருவியின் முன் பிடித்து, கவையில் பொறித்த எண்ணே திரையில் வருகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

ரேடார் இல்லையா, போன் போதும். விநாடிக்கு 240 ஃபிரேம் வைத்து, இரண்டு கிரீஸும் தெரியும்படி பக்கவாட்டில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன் கிரீஸை ஒட்டி விட்ட பந்து எதிர் கிரீஸில் யார்க்கராக விழ வேண்டும், இடைவெளி 17.68 மீட்டர். கையை விட்டதிலிருந்து தரை தொடும் வரை ஃபிரேம்களை எண்ணி, 15,275-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு இத்தனை கி.மீ. 127 ஃபிரேம் என்றால் 120. இது சராசரி, கை வேகம் ஏறக்குறைய ஐந்து சதவீதம் கூட இருக்கும். சாதாரண 30 ஃபிரேமில் எடுத்தால் மொத்தமே 16-தான் கிடைக்கும், ஒன்று பிசகினால் ஏழெட்டு கி.மீ. போச்சு. சில போன்கள் நடுவில் தாமாகவே படம் சொருகி 240 என்று கணக்குக் காட்டும். பந்து இரட்டையாக, ஆவி மாதிரி தெரிந்தால் அந்தப் படத்தை நம்பாதீர்கள். கிரீஸுக்கு முன்பே குத்தும் குட் லெங்த் பந்து என்றால் குத்திய இடம் வரை டேப் பிடித்தே ஆக வேண்டும்.

ஏற்காட்டில் ஆடுவோருக்கு ஒரு சலுகை உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவதால், 150-ல் விட்ட பந்து மட்டைக்கு வரும்போது சேலத்தைவிட ஒன்றிரண்டு கி.மீ. கூடுதலாகவே இருக்கும். ஏறத்தாழ அதே உயரத்தில் உள்ள அமெரிக்காவின் டென்வரில் அடித்த பேஸ்பால் பந்து அதிக தூரம் பறப்பதும் இதனால்தான்.

அடுத்த பட்டியலில் கருவி எது, எத்தனை அடியில் அளந்தது என்று இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். 1912-ல் பேஸ்பால் வீச்சாளர் வால்டர் ஜான்சனுக்கு 83 மைல் காட்டியது ஆயுதத் தொழிற்சாலையில் தோட்டா வேகம் அளக்கும் கருவி. அந்தக் கட்டம் இல்லாமல் அவர் பெயரைப் போட்டால், இன்றைய பள்ளிப் பையன்கள்கூட அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்